படகின் பேட்டரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படகுப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். படகின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சாயம் பூசுவது, எஞ்சின் ஆயில் மாற்றுவது, புரொப்பல்லரைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கெல்லாம் தாராளமாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், மின்சாரம் என்று வந்ததும் பேட்டரியை அவ்வப்போது கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிட்டார். படகுகளின் வயரிங், பேட்டரி வேலைகளைத் தொழிலாகச் செய்துவருபவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரியை விரித்து எழுத வேண்டிய தேவை இருப்பதாகக் கருதுகிறேன்.

படகு தீப்பற்றிய செய்திகளைப் பார்த்தால், பெரும்பாலானவை மின் கோளாறே காரணம் எனத் தெரிகிறது என்ற வாக்கியத்துடன் முடிந்துவிடும். என்ன கோளாறு, எந்த இடத்தில், எதனால் என்பது செய்தியில் வருவதில்லை. வாசிப்பவர் அதை இடி விழுந்தது போன்ற ஒரு தற்செயலாகவே எடுத்துக்கொள்கிறார். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட தற்செயல்கள் மிகக் குறைவு. தளர்ந்துபோன ஒரு போல்ட், ஃபியூஸ் இல்லாத ஒரு வயர், காற்றுப் போகாத ஒரு பெட்டி, ஈரத்தில் ஊறிய ஓர் இணைப்பு என்று கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் முன்கூட்டியே கண்டுகொள்ளக்கூடிய பொருள்களே பெரும்பாலும் அந்தக் கோளாறுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. கரையில் இதே குறைகள் இருந்தால் பல ஆண்டுகள் தொல்லை தராமலும் போகலாம். படகிலோ உப்பும் ஈரமும் ஓயாத அதிர்வும் அவற்றை விரைவாக முற்றச் செய்கின்றன. தீப்பிடித்தால் இறங்கி ஓடவும் இடமில்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பேட்டரியின் ஆபத்து பலர் நினைப்பதுபோல் அமிலத்தில் மட்டும் இல்லை. ஈய-அமில பேட்டரி முழுவதும் சார்ஜ் ஏறிய பிறகும் அதற்குள் மின்னோட்டம் தொடர்ந்து சென்றால், அந்த மின்சாரம் உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 10 ஆம்பியர் மின்னோட்டம் இப்படி ஒரு மணி நேரம் வீணாகப் பாய்ந்தால் ஏறக்குறைய 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் ஹைட்ரஜனின் அளவு 4 சதவீதத்தை எட்டினாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடுகிறது. 500 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு மூடிய அறையில் அந்த எல்லையைத் தாண்ட, கெட்டுப்போன ஒரு சார்ஜரும் ஒரு மணி நேரமும் போதும் என்பது கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரியும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. அதைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றலும் மிகச் சிறியது. ஒரு சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறியே அதிகம். சார்ஜ் ஏறும் பேட்டரிக்கு அருகில் அழுகிய முட்டை வாடை வந்தால், அது ஹைட்ரஜனின் வாடை அன்று; பேட்டரி அளவுமீறிச் சூடாகிக் கெட்டுக்கொண்டிருப்பதன் அடையாளம். அந்நேரத்தில் குனிந்து டெர்மினலைக் கழற்ற முனையாமல், தொலைவிலுள்ள சுவிட்சில் சார்ஜரை நிறுத்திவிட்டுக் காற்றோட்டத்துக்கு வழிசெய்து ஒதுங்கி நிற்பதே சரியானது.

ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது என்பதால் மேலே எழும். ஆகவே பேட்டரிப் பெட்டியின் காற்றுப்போக்கி அதன் உச்சியில் இருக்க வேண்டும். புதிய காற்று கீழே நுழைய வேண்டும். வெளியேறும் குழாய் படுக்கும் அறைக்குள் திறக்காமல் வெளிப்புறத்துக்குச் செல்ல வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் நடுமட்டத்தில் இரண்டு துளை போட்டுவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்லும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளைகளுக்கு மேலே மூடிவரை உள்ள இடமெல்லாம் வாயு தேங்கும் இடம்தான். பெட்ரோல் ஆவியும் சமையல் எரிவாயுவும் இதற்கு நேர்மாறானவை. அவை காற்றைவிடக் கனமானவை என்பதால் பில்ஜ் என்னும் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்குகின்றன. மேலே ஒரு வாயு, கீழே ஒரு வாயு, நடுவே பொறி கிளப்பக்கூடிய மோட்டார்களும் ரிலேக்களும் என்ற இந்த அமைப்பு தரையில் ஓடும் வாகனங்களில் பொதுவாக இருப்பதில்லை. அங்கே கசியும் ஆவி அடியில் கலைந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் காருக்குச் செய்த ஸ்டார்ட்டர் மோட்டாரையோ, எஞ்சின் சுழற்சியால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையோ பொருத்தக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் படகுக்கென்று தயாரிக்கப்பட்டதில், உள்ளே எழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி தடுப்புகள் உண்டு. எஞ்சின் அறையின் காற்றை வெளியேற்றும் புளோயரைப் பெட்ரோல் படகுகளில் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டபின் ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் இதே காரணத்தால் ஏற்பட்டதே.

பேட்டரியைக் கையாளும் முறையில் வரிசை முக்கியம். சார்ஜரை மெயின் சுவிட்சில் நிறுத்திய பிறகே கிளிப்புகளை எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால், வாயு நிறைந்திருக்கும் அதே இடத்தில் பொறி எழும். நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும் என்பதும் வெறும் சம்பிரதாயம் அன்று. பெரும்பாலான படகுகளில் எஞ்சின் உலோகம் நெகட்டிவுடன் இணைந்திருக்கிறது. நெகட்டிவைக் கழற்றாமல் பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை எஞ்சினைத் தொட்டால், ஆயிரம் ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் அந்த ஸ்பானர் வழியாகவே பாயும். ஸ்பானர் பற்றவைப்பு செய்ததுபோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சில நொடிகளில் செந்நிறமாகச் சூடேறும். பேட்டரி வெடிக்கவும் கூடும். முதலில் நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அதே ஸ்பானர் எஞ்சினில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று சொல்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: ஷாக் அடிக்காது என்பது உண்மை, ஆனால் விரலில் இருக்கும் மோதிரம் டெர்மினலுக்கும் ஸ்பானருக்கும் இடையே சிக்கினால் அது விரலோடு சேர்ந்து சூடேறும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி அணிந்து, பிடிவரை இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பானருடன் உட்கார வேண்டும்.

அமிலத்தைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் குறையும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். அமிலம் ஊற்றக் கூடாது. முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை; முன்பே நிரப்பிவிட்டால் சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து பொங்கி வழியும். தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் அவை மூழ்கும்வரை முதலில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். சிந்திய அமிலத்தைச் சமையல் சோடாக் கரைசலால் துடைக்கலாம், ஆனால் அந்தக் கரைசல் மூடியின் துளை வழியே உள்ளே போய்விடக் கூடாது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். படகில் குடிநீர்க் கேன் பேட்டரிப் பெட்டிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிடக் குறைவாக அறியப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. ஈய-அமில பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு உண்டாகும். நீர்மூழ்கிக் கப்பல்களின் வரலாற்றில் மாலுமிகள் மிகவும் அஞ்சிய விபத்துகளுள் இதுவும் ஒன்று. சிறு படகில் பேட்டரியை அடிப்பள்ளத்தின் தரையில் வைப்பவர்கள், எடை கீழே இருந்தால் படகு ஆடாது என்று காரணம் சொல்கிறார்கள். எடை குறித்த வாதம் சரியானதுதான். ஆனாலும் ஒரு குழாய் கசிந்து அரை அடி தண்ணீர் நின்றாலே மூழ்கிவிடும் இடத்தில் பேட்டரியை வைக்கக் கூடாது. தண்ணீர் வரும்போது அதை வெளியேற்ற வேண்டிய பம்புக்கு மின்சாரம் தருவதும் அதே பேட்டரிதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமிலம் தாக்காத தட்டில், மேலிருந்து பட்டை போட்டு இறுக்கி, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 25 மில்லிமீட்டருக்கு மேல் நகராதபடி அது நிற்க வேண்டும். டெர்மினல்களுக்கு மூடி இருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டியின் மேல்தட்டு கருவிகளைப் போட்டுவைக்கும் அலமாரி அன்று.

இனி இணைப்புகளுக்கு வருகிறேன். நான் பார்க்கும் வேலைகளில் பெரும்பகுதி இதுவே. தளர்ந்த இணைப்பு என்றால் வயர் கழன்று தொங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆபத்தான இணைப்பு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். வயர் முனையில் பொருத்தும் உலோக வளையமான ஒரு லக், ஒரு வாஷர், ஒரு நட். நட் கால் சுற்று தளர்ந்திருக்கிறது. லக்கின் அடியில் வெண்ணிறப் பூப்பு ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கிறது. அந்த இடத்தின் மின்தடை 0.02 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியும், ரேடியோ பேசும், எந்தக் குறையும் தெரியாது. இன்வெர்ட்டரோ நங்கூரம் இழுக்கும் மோட்டாரோ 100 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 2 வோல்ட் வீணாகிறது. அந்த 2 வோல்ட்டும் 100 ஆம்பியரும் சேர்ந்து 200 வாட் வெப்பமாக ஒரு நாணய அளவுள்ள இடத்தில் வெளிப்படுகின்றன. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 முதல் 40 வாட் வரைதான். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குவதால் நட் மேலும் தளர்கிறது, படலம் தடிக்கிறது, வெப்பம் கூடுகிறது. முடிவில் ஒருநாள் பிளாஸ்டிக் உருகுகிறது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. கனமான சுமையை, அதாவது அதிக மின்சாரம் இழுக்கும் ஒரு கருவியை, சில நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் டெர்மினலிலும் மற்றதை அதில் மாட்டியிருக்கும் லக்கிலும் வைத்துப் பார்த்தால் போதும். இணைப்பு நன்றாக இருந்தால் அளவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். அரை வோல்ட் காட்டினால் அங்கே ஓர் அடுப்பு எரிகிறது என்று பொருள். சுமையை நிறுத்திய பிறகு ஒவ்வொரு இணைப்பின் காப்புறையையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் பயனுள்ள சோதனையே. மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில் இந்தத் தொட்டுப் பார்க்கும் வேலையைச் செய்யக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன். வாஸ்லீன் தடவும் வழக்கம் நல்லதே, ஆனால் உலோகத்தைப் பளிச்சென்று தேய்த்து நட்டை இறுக்கிய பிறகே மேலே தடவ வேண்டும். அழுக்கின் மேல் தடவினால் அழுக்கைத்தான் பாதுகாக்கிறோம்.

வயரைப் பொறுத்தவரை, வீட்டுக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி வயர் படகுக்கு ஆகாது. அதிர்வில் அது ஒரே இடத்தில் மடங்கி மடங்கி முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட, ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு வயரே ஏற்றது. பூச்சில்லாத வயர் ஒன்றின் முனையை வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்திருப்பதைக் காணலாம். இன்னும் அரையடி உள்ளே வெட்டினாலும் கறுப்புதான் இருக்கும், ஏனெனில் உப்பு ஈரம் இழைகளின் இடுக்கு வழியே காப்புறைக்குள் ஊர்ந்து சென்றுவிடுகிறது. அந்தக் கறுத்த வயரில் புதிய லக் போடுவது வீண் வேலை. லக்கை அதற்குரிய கிரிம்ப்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள சுருங்கும் குழாயால் மூட வேண்டும். சால்டரை மட்டும் நம்பி விட்ட இணைப்பு, சால்டர் முடியும் இடத்தில் விறைத்து ஒடியும். சூடேறினால் சால்டரே உருகி விட்டுவிடும்.

ஃபியூஸ் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஃபியூஸ் கருவியைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது காப்பாற்றுவது வயரை. வயரைக் காப்பாற்றுவதன் மூலம் படகை. எனவே ஃபியூஸின் அளவு வயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்யப்பட வேண்டும், அதன் இடம் மின்சாரம் புறப்படும் முனையில், அதாவது பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் வகுத்துள்ள தரநெறியில் இந்தத் தூரம் பொதுவாக 7 அங்குலம், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். வயர் தனிக் குழாய்க்குள் பாதுகாப்பாகச் சென்றால் சற்றுத் தளர்வு உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்கு விலக்கும் உண்டு. நடைமுறையில் நான் காண்பதோ வேறு. ஓட்டுநர் அருகிலுள்ள பலகையில் வரிசையாக ஃபியூஸ்கள் அழகாக இருக்கும். பேட்டரியிலிருந்து அந்தப் பலகைவரை ஐந்தாறு மீட்டர் கேபிள் எந்தப் பாதுகாப்பும் இன்றி, தடுப்புப் பலகைகளின் கூரிய விளிம்புகளை உரசிக்கொண்டு வரும். அந்த ஐந்தாறு மீட்டரில் எங்கே காப்புறை தேய்ந்து எஞ்சின் உலோகத்தைத் தொட்டாலும், பலகையிலுள்ள அத்தனை ஃபியூஸ்களும் வேடிக்கை பார்க்கும். பேட்டரி தன் முழு வலிமையையும் அந்தக் கேபிளில் கொட்டித் தீர்க்கும்.

பிறகு வாங்கிச் சேர்க்கும் கருவிகளின் கதை. மீன் தேடும் கருவி, கூடுதல் விளக்கு, கைபேசி சார்ஜர் என்று ஒவ்வொன்றும் நேராகப் பேட்டரி டெர்மினலிலேயே வந்து அமர்கிறது. ஒரே போல்ட்டில் ஏழெட்டு லக்குகள் அடுக்கப்பட்டு, அவற்றுள் மெல்லிய வயர் அடியிலும் தடித்த கேபிள் மேலேயுமாக இருப்பதைப் பார்க்கலாம். எதற்கும் ஃபியூஸ் இருக்காது. பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் முதன்மை ஃபியூஸ் வழியாக ஒரு பொதுப் பட்டைக்குச் சென்று, அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃபியூஸுடன் வயர் பிரிவதே சரியான அமைப்பு. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போட வேண்டும். செம்பு இழையைச் சுற்றிவைப்பதும், கையில் கிடைத்த பெரிய ஃபியூஸைச் செருகுவதும், ஃபியூஸ் சொல்லவந்த செய்தியைக் கேட்க மறுப்பதாகும். லித்தியம் பேட்டரிக்கும் பெரிய திரைக்கும் செலவு செய்யத் தயங்காதவர்கள் ஃபியூஸுக்குத் தயங்குவதன் காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பில்ஜ் பம்புக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். படகை விட்டுச் செல்லும்போது முதன்மைச் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம். ஆனால் தண்ணீர் மட்டம் ஏறினால் தானாக ஓடும் பம்பு அந்தச் சுவிட்சுக்கு அப்பால், தனக்கென்று ஒரு ஃபியூஸுடன் பேட்டரியோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதுகாப்புக்காகச் சுவிட்சை அணைத்தவரே படகை மூழ்கடித்தவராகிவிடுவார். பம்பின் வயர் இணைப்புகள் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் பாசிட்டிவ் இணைப்பு ஒன்று பேட்டரியைக் காலிசெய்வதோடு நிற்பதில்லை. அங்கிருந்து கசியும் மின்சாரம் தண்ணீர் வழியே புரொப்பல்லர் தண்டையும் அடிவால்வுகளையும் சென்றடைந்து அவற்றை அரித்துவிடும். இயல்பான உலோக அரிப்புக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் சேதத்தை இத்தகைய கசிவு சில நாள்களிலோ வாரங்களிலோ செய்து முடித்துவிடக்கூடும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிபடும்படி மாட்டப்படும் துத்தநாகக் கட்டைகள் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் புதிய கட்டையை மாட்டுவதோடு விட்டுவிடாமல் மின்கசிவைத் தேட வேண்டும்.

பேட்டரியின் ஆயுளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நலிந்த பேட்டரியே சூடாகும், வாயு கக்கும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய-அமில பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.8 என்றால் ஒன்றுமில்லை. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். காலியாகவே கிடக்கவிட்டால் தட்டுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் இறுகிப்போய், பிறகு எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாத நிலை வரும். எஞ்சின் அறையின் வெப்பம் பேட்டரிக்குப் பகை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. ஏஜிஎம், ஜெல் என்னும் மூடிய ஈய-அமில பேட்டரி வகைகளில் தண்ணீர் ஊற்ற வழியில்லை என்பதால், அளவுக்கு மீறிய வோல்ட்டேஜில் சார்ஜ் செய்து இழக்கும் நீரை மீட்கவே முடியாது. சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருப்பது இதற்காகவே. புதியதையும் பழையதையும், ஒரு வகையையும் வேறு வகையையும் ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தக் கூடாது.

லித்தியம் பேட்டரிகள் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. எடை குறைவு, ஆழமாகப் பயன்படுத்தலாம், பல மடங்கு உழைக்கும் என்ற காரணங்களால் படகுக்காரர்கள் வேகமாக அவற்றுக்கு மாறிவருகிறார்கள். படகுகளில் பெரும்பாலும் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. லித்தியம் வகைகளுள் இது ஒப்பீட்டளவில் நிதானமானது. மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் இதை வைத்து அதே வயர்களை மாட்டுவதை எதிர்க்கிறேன். இதன் உள்தடை மிகக் குறைவு என்பதால், ஆல்டர்னேட்டர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் இடைவிடாமல் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் அது வெந்துபோகும். பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புச் சுற்றான பிஎம்எஸ் ஏதோ ஒரு காரணத்தால் திடீரெனத் தொடர்பைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் வோல்ட்டேஜை எகிறச் செய்து ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் மற்றக் கருவிகளையும் எரித்துவிடும். இடையில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்தால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும். ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டமும் மிக அதிகம் என்பதால், சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் இடைவெளியில் சுடர்விட்டு எரியக்கூடும். அதைத் துண்டிக்கும் திறன் கொண்ட வகையைத்தான் பொருத்த வேண்டும். மேலும், இதன் வோல்ட்டேஜ் நிறைந்திருக்கும்போதும் பெருமளவு தீர்ந்திருக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மேலே சொன்ன வோல்ட் கணக்கு இதற்குப் பொருந்தாது.

பெரிய கப்பல்களிலும் நிலைமை இதுதான் என்பதை நார்வேயின் இரண்டு நிகழ்வுகள் காட்டின. 2019 அக்டோபரில் இட்டெரோய்னிங்கன் என்னும் பயணிகள் படகின் பேட்டரி அறையில் தீப்பற்றியது. தீ அணைக்கப்பட்ட பிறகு, மறுநாள் அங்கே வெடிப்பு ஏற்பட்டது. 2021 மார்ச்சில் பிரிம் என்னும் சுற்றுலாப் படகின் பேட்டரி அறை எரிந்தபோது, காற்றோட்ட வழியே கடல்நீர் பேட்டரிவரை சென்றிருக்க வேண்டும் என்று விசாரணை சுட்டிக்காட்டியது. காற்று வேண்டும், கடல்நீர் வரக் கூடாது என்ற இரண்டு தேவைகளும் ஒரே குழாயில் மோதிக்கொள்ளும் இடம் அது. சிறு படகிலும் காற்றுக்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, அலை அடித்தால் அதில் தண்ணீர் ஏறுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. லித்தியம் பேட்டரியில் தீ அடங்கியதாகத் தோன்றினாலும் உள்ளே வெப்பம் தொடர்ந்து நச்சு வாயுவும் எரியும் வாயுவும் வெளிவரலாம் என்பதால், புகை நின்றவுடன் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

கைபேசி, டார்ச், மின் சைக்கிள் போன்றவற்றின் சிறு லித்தியம் பேட்டரிகளுக்கும் இது பொருந்தும். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்னும் முக்குளிப்புப் படகு எரிந்து 34 பேர் கீழ்த்தள உறங்கும் அறையிலிருந்து வெளியேற வழியின்றி உயிரிழந்தனர். தீயின் தொடக்கக் காரணத்தை விசாரணையாளர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. இரவு முழுவதும் சார்ஜ் செய்யப்பட்டுக்கொண்டிருந்த கருவிகள் ஆராயப்பட்ட சாத்தியங்களுள் ஒன்றாக இருந்தன. இரவில் சுற்றிவந்து கண்காணிக்க ஆள் இல்லாதது உறுதியான குறையாகச் சுட்டப்பட்டது. எல்லோரும் உறங்கும் நேரத்தில், வெளியேறும் வழியில் எதையும் சார்ஜில் போட்டு வைக்கக் கூடாது.

கரையிலிருந்து கேபிள் மூலம் 230 வோல்ட் எடுக்கும் படகுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எர்த் வயர் அறுந்து, ஒரு கருவியில் மின்கசிவு இருந்தால், மின்சாரம் படகின் உலோகப் பகுதிகள் வழியே தண்ணீரில் இறங்கிக் கரையைத் தேடிச் செல்லும். கடல்நீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கே பெரும்பகுதி உடலைச் சுற்றிப் போய்விடும். ஆறு, ஏரிகளின் நன்னீரில் நிலைமை தலைகீழ். நீந்துபவரின் உடலே எளிய வழியாகிவிடும். உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கீழான சிறு மின்னோட்டம்கூடத் தசைகளை முடக்கி, நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் மூழ்கடித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரணமாக மூழ்குவது போலவே தெரியும் என்பதால், காப்பாற்றக் குதிப்பவரும் சிக்கிக்கொள்கிறார். மின் இணைப்புள்ள படகுத்துறையில் நீந்தக் கூடாது. யாரேனும் விழுந்து தவித்தால் முதலில் கரையிலுள்ள மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், மிதவையை வீச வேண்டும், குதிக்கக் கூடாது. 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று நேரடி இணைப்பு கொடுத்துவிட்டவர்களையும் கண்டிருக்கிறேன். எர்த் வயரால் அரிப்பு வருகிறது என்று அதை வெட்டிவிடுவதும் அதே அளவு ஆபத்தானது. அரிப்பைத் தடுக்க கால்வனிக் ஐசோலேட்டர் என்று தனிக் கருவியே இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள படகுகளில், கரைக் கேபிளைப் பிடுங்கிய பிறகும் சாக்கெட்டில் 230 வோல்ட் இருக்கக்கூடும் என்பதை மறந்து கைவைக்கக் கூடாது. 230 வோல்ட் வேலை, தெரிந்த மின்பணியாளர் செய்ய வேண்டியது. 12 வோல்ட் பராமரிப்பைப் படகுக்காரரே கற்றுக்கொள்ளலாம்.

தீப்பிடித்தால் முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பது. துண்டிக்காதவரை தீயணைப்பான் அணைத்ததை வயர் மீண்டும் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். எனவே முதன்மைச் சுவிட்ச் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயோ எஞ்சின் அறைக்குள்ளேயோ இருக்கக் கூடாது. புகை வரும் கதவைத் திறக்காமலேயே கைக்கு எட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது சாதாரண வேளையில் அந்தச் சுவிட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டர் கெடும். தீ விபத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. வயர் தீக்குக் கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் தீயணைப்பான் போதும், ஆனால் மூடிய சிற்றறையில் கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. லித்தியம் பேட்டரியின் வெப்பத்தைத் தணிக்க நிறையத் தண்ணீர் தேவைப்படும். சிறு படகில் அதற்கு முன் ஆட்களை இறக்குவதே முதன்மை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வெளியாகுமானால், ஒவ்வொரு படகிலும் அதன் வயரிங் வரைபடம் ஒன்று இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பென்சிலால் கோடு போட்ட ஒரு தாளே போதும்: எந்தப் பேட்டரியிலிருந்து எந்த வயர், எந்த ஃபியூஸ் வழியாக, எந்தக் கருவிக்கு என்று குறித்து, வயரின் இரு முனைகளிலும் அதே எண்ணை ஒட்டி, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவிட்ச் பலகையின் கதவுக்குப் பின்னால் மாட்டிவைக்க வேண்டும். புதிதாக ஒரு விளக்கு சேர்த்தால் அன்றே தாளிலும் சேர்க்க வேண்டும். படகு கை மாறும்போது எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் கேட்டு வாங்குபவர்கள் இந்தத் தாளையும் கேட்டு வாங்கத் தொடங்கினால், விற்பவர்களும் அதை வரைந்து வைக்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
படகு மின்பணியாளர்